வாழைப்பழமும் ஓர் ‘எனவே’யும்

பள்ளி அறிவியல் கண்காட்சி ஒன்றில் கண்ட ஓர் அட்டைதான் இக்கட்டுரைக்குக் காரணம். நல்ல கையெழுத்து. நடுவில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை அழகாக வரைந்து மஞ்சள் வண்ணம் தீட்டியிருந்தார்கள். அதன் கீழே இரண்டு வரிகள்: “வாழைப்பழத்தில் செரட்டோனின் என்னும் மகிழ்ச்சிப் பொருள் உள்ளது. எனவே வாழைப்பழம் உண்டால் மனச்சோர்வு நீங்கும்.” அருகில் நின்ற மாணவி அதைத் தடுமாறாமல் ஒப்புவித்தாள். “இதை எங்கே அம்மா படித்தாய்?” என்று கேட்டேன். “பேப்பர்ல போட்டிருந்தாங்க, சார்” என்றாள்.

அவள் மீது குற்றமில்லை. இந்த இரண்டு வரிகளும் நாளிதழ் இணைப்புகளிலும், வார இதழ்களின் மருத்துவக் குறிப்புகளிலும், பழக்கடைப் பலகைகளிலும்கூட உலவி வருகின்றன. இலக்கிய ஏடுகளில் ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு சொல் சொல்லாகத் திறனாய்வு செய்கிறார்கள் அல்லவா? அறிவியல் எழுத்துக்கு மட்டும் அந்த மரியாதையை நாம் ஏன் தருவதில்லை? இந்த இரண்டு வரிகளையும் அவ்வாறு ஒரு முறை பார்த்துவிடுவோம்.

முதல் வரியில் பாதி முற்றிலும் உண்மை. வாழைப்பழத்தில் செரட்டோனின் இருப்பதை 1958-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். பல உணவுகளை வரிசையாக அளந்து 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி ஒரு கிராம் வாழைப்பழத்தில் சுமார் 15 மைக்ரோகிராம் செரட்டோனின் உள்ளது. அன்னாசியில் 17, தக்காளியில் 3. அக்ரூட் பருப்பு இவை எல்லாவற்றையும் மிஞ்சி 87-ஐத் தொடுகிறது. ஆகவே அட்டையில் எழுதியவர் பொய் சொல்லவில்லை.

சிக்கல் ‘மகிழ்ச்சிப் பொருள்’ என்ற அடைமொழியில் தொடங்குகிறது. குளவியின் நஞ்சில் செரட்டோனின் உண்டு. சில தேள்களின் நஞ்சிலும் உண்டு. ஐரோப்பாவில் வேலியோரம் வளரும் அர்ட்டிகா என்னும் கொட்டுச் செடியின் முள்மயிர்களிலும் உண்டு. இவற்றை 1950-களிலேயே கண்டறிந்துவிட்டார்கள். குளவி கொட்டிய கையைப் பிடித்துக்கொண்டு எவரும் மகிழ்ந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை! தோலுக்குள் புகுத்தப்படும் செரட்டோனின் வலியைத் தூண்டுகிறது. குடலில் அதன் செயலே வேறு. புற்றுநோய்க்கான மருந்தை உடலில் ஏற்றும்போது நோயாளிக்கு வரும் கடும் வாந்திக்கு, குடற்சுவரின் சில செல்களிலிருந்து வெளிப்படும் செரட்டோனின் ஒரு முக்கியக் காரணம். அது சென்று அமரும் ஏற்பியை அடைத்துவிடுவதுதான் வீடுகளிலும் இன்று பழகிப்போன ஆன்டான்செட்ரான் மாத்திரையின் வேலை. மனித உடலில் செரட்டோனினுக்கென்று பதினான்கு வகை ஏற்பிகள் உள்ளன. எந்த உறுப்பில், எந்த ஏற்பியில் போய் அமர்கிறதோ அதற்கேற்ப விளைவு மாறும்.

இப்பொருளைக் கண்டுபிடித்தவர்கள் எவரும் மகிழ்ச்சியைத் தேடிச் செல்லவில்லை. இத்தாலியில் விட்டோரியோ எர்ஸ்பாமர் 1930-களில் இரைப்பை, குடல் சுவர்களை ஆராய்ந்தபோது தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் அகப்பட்டது. அதற்கு ‘என்டரமின்’ என்று பெயர் வைத்தார். அமெரிக்காவில் கிளீவ்லாந்து மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் மாரிஸ் ராப்போர்ட், ஆர்டா கிரீன், இர்வின் பேஜ் ஆகிய மூவரும் இரத்தக் குழாயைச் சுருக்கும் பொருளைத் தேடினார்கள். நூற்றுக்கணக்கான லிட்டர் மாட்டு இரத்த ஊனீரிலிருந்து 1948-இல் சில மில்லிகிராம் படிகம் கிடைத்தது. சீரம் என்ற சொல்லையும், விறைப்பைக் குறிக்கும் டோனஸ் என்ற சொல்லையும் சேர்த்துச் ‘செரட்டோனின்’ என்றார்கள். இரண்டும் ஒரே பொருள்தான் என்பது 1952-இல் தெளிவாயிற்று. மூளையில் அது இருப்பது அதற்கும் பிறகே தெரிந்தது. கடல் சிப்பியின் தசைகளை ஆராய்ந்து கொண்டிருந்த பெட்டி டுவாராக் என்ற இளம் பெண் ஆய்வாளர் அதே கிளீவ்லாந்துக்கு வந்து, பேஜுடன் சேர்ந்து, பாலூட்டிகளின் மூளையில் செரட்டோனின் இருப்பதை 1953-இல் நிறுவினார். குடல், குருதி, சிப்பி எல்லாம் கடந்து கடைசியாகத்தான் மூளைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்பதைக் கவனியுங்கள்.

இனி அந்தப் பொருளையே எடுத்துப் பார்ப்போம். வேதியியல் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வாழைப்பழம் ஏன் மூளையை எட்டுவதில்லை என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

செரட்டோனினின் வேதிப்பெயர் 5-ஹைட்ராக்சி டிரிப்டமின். இதன் அடிப்படை இண்டோல் என்னும் இரட்டை வளையம். ஆறு கார்பன் கொண்ட பென்சீன் வளையமும், ஒரு நைட்ரஜனைக் கொண்ட ஐந்தணு வளையமும் ஒரு பக்கச் சுவரைப் பொதுவாக வைத்துக் கட்டிய இரண்டு அறைகள் போல ஒட்டியிருக்கும். இண்டோல் என்ற பெயரே இண்டிகோவிலிருந்து, அதாவது அவுரி நீலத்திலிருந்து, வந்தது. ஜெர்மனியின் அடால்ஃப் பேயர் நீலச் சாயத்தை ஆராயும்போதுதான் 1866-இல் இண்டோலைப் பெற்றார். (இந்த இண்டோல் மல்லிகை மணத்திலும் இருக்கிறது, மலத்தின் நாற்றத்திலும் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.)

வளையத்தின் அணுக்களுக்கு எண் கொடுப்பது வழக்கம். நைட்ரஜன் 1. அதிலிருந்து சுற்றி வந்தால் 2, 3, பின்னர் பென்சீன் பக்கத்தில் 4, 5, 6, 7. இவற்றில் ஓரிடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி ஒன்றைப் பொருத்தினால் கிடைப்பவை ஹைட்ராக்சி இண்டோல்கள். எந்த எண்ணில் பொருத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அவுரித் தழையைத் தொட்டியில் ஊறவைத்து, அந்த நீரைக் கலக்கி அடித்து நீலம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு 3-ஆம் எண்ணின் வேலை தெரிந்திருக்கும். தழையில் உள்ள இண்டிகான் என்னும் பொருளிலிருந்து சர்க்கரை கழன்று 3-ஹைட்ராக்சி இண்டோல் விடுபடுகிறது. நீரை அடிக்க அடிக்கக் காற்றின் ஆக்சிஜன் பட்டு, இரண்டிரண்டு மூலக்கூறுகள் இணைந்து நீலமாகின்றன. 5, 6 என்ற இரண்டு இடங்களிலும் ஹைட்ராக்சில் அமைந்தால் அது மெலனின் என்னும் கருநிறமிக்கு மூலப்பொருள். உங்கள் தலைமுடியின் கருமை ஒரு ஹைட்ராக்சி இண்டோலின் கொடை. 4-ஆம் இடத்தில் ஹைட்ராக்சிலும், 3-ஆம் இடத்தில் ஒரு நைட்ரஜன் வாலும் இருந்தால், சில காளான்களில் உள்ள மனமயக்கப் பொருளான சிலோசின் போன்றவை வந்துவிடும். அதே வாலை வைத்துக்கொண்டு ஹைட்ராக்சிலை 5-க்கு நகர்த்தினால் செரட்டோனின்.

நம் உடல் இதைச் செய்யும் முறை எளிமையானது. மூலப்பொருள் டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலம். இதை நம் உடலால் ஆக்கிக்கொள்ள முடியாது. உணவிலிருந்துதான் வர வேண்டும். டிரிப்டோபேன் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி, இரும்பணுவையும் டெட்ராஹைட்ரோ பயோப்டெரின் என்ற துணைப் பொருளையும் கொண்டு, ஆக்சிஜனிலிருந்து ஓர் அணுவை எடுத்து 5-ஆம் இடத்தில் பதிக்கிறது. இதுதான் மெதுவான படி. மொத்த உற்பத்தியின் வேகத்தையும் இதுவே கட்டுப்படுத்துகிறது. அடுத்து, வைட்டமின் பி6-இன் துணையோடு இயங்கும் இன்னொரு நொதி, வாலிலுள்ள கார்பாக்சில் தொகுதியைக் கார்பன் டை ஆக்சைடாக வெட்டி எறிந்துவிடுகிறது. செரட்டோனின் தயார்.

தாவரங்கள் இதே வேலையைத் தலைகீழ் வரிசையில் செய்கின்றன: முதலில் வெட்டு, பிறகு ஹைட்ராக்சில். நெற்பயிரில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். நோய்க் காளான் தாக்கும்போது நெல்லின் இலையில் செரட்டோனின் திரள்கிறது. ஹைட்ராக்சில் பதிக்கும் நொதி பழுதுபட்ட ஒரு நெல் வகையில் அது திரள்வதில்லை என்பதையும், பழுதுபட்ட மரபணு எது என்பதையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினார்கள். நெல்லுக்கு மூளையும் இல்லை, மனமும் இல்லை. அதன் செரட்டோனின் அதன் சொந்தத் தேவைக்கு.

இப்போது ஒரு வாழைப்பழத்தை உரித்து உண்ணுங்கள். சதை நூறு கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றரை மில்லிகிராம் செரட்டோனின். குடற்சுவரிலும் கல்லீரலிலும் மோனோ அமீன் ஆக்சிடேஸ் என்னும் நொதி காத்திருக்கிறது. வந்ததில் பெரும்பகுதியை அது உருமாற்றிவிடும். தப்பியவற்றை இரத்தத் தட்டுகள் உறிஞ்சிக்கொள்ளும். அதிலும் தப்பிய ஒன்றிரண்டு மூலக்கூறுகள் மூளையை நெருங்கினாலும் அங்கே வாசல் அடைபட்டிருக்கும். மூளையின் நுண்குழாய்ச் சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி நெருங்கிப் பின்னியவை. கொழுப்பில் கரையும் பொருள்கள் அந்தச் சுவரை எளிதில் ஊடுருவும். நீரை விரும்பும் பொருள்களுக்குத் தனி வழித்துணை வேண்டும். செரட்டோனினின் 5-ஆம் இடத்து ஹைட்ராக்சிலும், இரத்தத்தில் மின்னேற்றம் பெற்று நிற்கும் வால் நைட்ரஜனும் அதை நீரோடு ஒட்ட வைக்கின்றன. உள்ளே அழைத்துச் செல்லும் வழித்துணையும் அதற்கு இல்லை.

இதை நம்புவதற்குச் செரட்டோனினின் பிள்ளையையே சாட்சிக்கு அழைக்கலாம். இரவில் பினியல் சுரப்பி செரட்டோனினை எடுத்து, வால் நைட்ரஜனில் அசெட்டைல் தொகுதியையும், ஹைட்ராக்சிலின் தலையில் மெத்தைல் தொகுதியையும் மூடிபோல் மாட்டிவிடுகிறது. ஆரோன் லெர்னர் 1958-இல் பிரித்தறிந்த மெலட்டோனின் இதுதான். அதே இண்டோல், அதே 5-ஆம் இடம். மூடி போட்டதும் மூளைச் சுவர் அதற்குத் தடையாக இருப்பதில்லை.

“சரி, டிரிப்டோபேன் மூளைக்குள் போகுமே? பழத்தில் அது இருக்கிறதே?” என்று கூரிய வாசகர் கேட்பார். நல்ல கேள்வி. டிரிப்டோபேனுக்கு வழித்துணை உண்டு. ஆனால் நூறு கிராம் வாழைப்பழத்தில் அது சுமார் 9 மில்லிகிராம்தான். நிலக்கடலையில் அதைவிட இருபது மடங்குக்கு மேல் இருக்கிறது. அப்படியானால் கடலையைத் தின்னலாமா? அங்கேயும் ஒரு தடங்கல். அதே வழித்துணைக்காக லூசின், ஐசோலூசின், வாலின், டைரோசின், பினைல் அலனின் என்று மற்ற அமினோ அமிலங்களும் முண்டியடிக்கின்றன. புரத உணவு உண்டால் இந்தக் கூட்டமும் சேர்ந்தே பெருகும், டிரிப்டோபேன் பின்தங்கும். ஜான் ஃபெர்ன்ஸ்ட்ராம், ரிச்சர்ட் உர்ட்மன் இருவரும் 1971-இல் எலிகளில் காட்டியது வியப்பானது. மாவுச்சத்தை மட்டும் உண்ட எலிகளின் மூளையில் செரட்டோனின் கூடிற்று. இன்சுலின் மற்ற அமினோ அமிலங்களைத் தசைக்குள் தள்ளிவிட, டிரிப்டோபேனுக்கு வழி கிடைத்ததே காரணம். உணவில் சிறிது புரதம் கலந்தாலே இந்த விளைவு மங்கிவிடும். நாம் உண்ணும் சோறும் பருப்பும் கலந்த உணவில் இதை எதிர்பார்க்க முடியாது. ஆக, ஓர் உணவில் டிரிப்டோபேன் எவ்வளவு என்று அட்டவணை போட்டு, அதைக் கொண்டு மனநிலையைக் கணக்கிடுவது வீண் வேலை.

அடுத்ததாக இன்னொரு ‘எனவே’. “உடலின் செரட்டோனினில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் குடலில் இருக்கிறது, எனவே மகிழ்ச்சி வயிற்றில்தான் பிறக்கிறது.” இங்கும் முதல் பாதி உண்மை. பெர்லினில் செய்யப்பட்டு 2003-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இரண்டாம் பாதிக்கு விடை சொல்லிவிட்டது. டிரிப்டோபேன் ஹைட்ராக்சிலேஸின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை அந்த ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். குடலிலும் குருதியிலும் செரட்டோனின் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. ஆனால் மூளையில் குறையவே இல்லை! அதே வேலைக்கு மூளை நரம்பணுக்கள் வேறொரு மரபணுவால் ஆகும் இரண்டாவது நொதியை வைத்திருப்பது இவ்வாறுதான் தெரியவந்தது. குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்பு வழிச் செய்திகள் போய்வருவதை எவரும் மறுக்கவில்லை. அந்தச் செய்தி செரட்டோனின் மூட்டையாகச் சென்று மூளையில் இறங்குவதில்லை.

இனி அட்டையின் கடைசிச் சொல்லான மனச்சோர்வுக்கு வருவோம். இங்கே பத்திரிகைக் குறிப்பாளர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ‘எனவே’யை அவசரமாகப் பயன்படுத்தியவர்களில் அறிஞர்களும் உண்டு.

கதை நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரில் தொடங்குகிறது. அதன் குணங்களைக் கல்கத்தாவின் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போசும் 1931-இல் எழுதினார்கள். பம்பாயின் ருஸ்தம் ஜால் வக்கீல் அது உயர் இரத்த அழுத்தத்தைத் தணிப்பதை 1949-இல் ஆங்கில மருத்துவ இதழில் வெளியிட, உலகமே திரும்பிப் பார்த்தது. வேரிலிருந்து ரிசர்பின் என்ற பொருளை 1952-இல் சுவிட்சர்லாந்தில் பிரித்தெடுத்தார்கள். அதை உண்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததாக மருத்துவர்கள் குறித்தார்கள். ரிசர்பின் கொடுத்த விலங்குகளின் மூளையிலிருந்து செரட்டோனின் வெளியேறிவிடுவதை 1955-இல் பெர்னார்ட் பிராடியின் குழு கண்டது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுவது எவருக்கும் தோன்றக்கூடியதே: செரட்டோனின் குறைந்தது, மனம் சோர்ந்தது. ஆனால் ரிசர்பின் ஒரு ஜாடியை மட்டும் காலி செய்வதில்லை. நாரட்ரினலின், டோபமின் ஜாடிகளையும் சேர்த்தே காலி செய்கிறது! மூன்று பேர் ஓடிய பின் ஒருவனைப் பிடித்துத் திருடன் என்றது போல் ஆயிற்று அந்த முடிவு.

இருந்தும் 1960-களின் இறுதியில் செரட்டோனின் குறைவுக் கொள்கை வேரூன்றியது. செரட்டோனினை நரம்பணு மீண்டும் உறிஞ்சாமல் தடுக்கும் மருந்துகளில் பெரும் புகழ் பெற்ற ஃபுளூவாக்சடின் 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூளையில் ஒரு வேதிப்பொருள் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது என்ற எளிய படம் மக்கள் மனத்தில் பதிந்தது. கிடைத்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ஜோவன்னா மான்கிரீஃபும் உடன் ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட மதிப்புரை, மனச்சோர்வுக்குச் செரட்டோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. அதற்குப் பிற ஆய்வாளர்கள் மறுப்பும் எழுதினார்கள். விவாதம் இன்னும் அடங்கவில்லை.

இந்த இடத்தில் என் வாசகர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நோய்க்குக் காரணம் இதுவல்ல என்பதும் மருந்து பயன்படாது என்பதும் ஒன்றல்ல. இருபத்தொரு மனச்சோர்வு மருந்துகளை 522 ஆய்வுகளைக் கொண்டு ஒப்பிட்ட 2018-ஆம் ஆண்டு மதிப்பீடு, அவை யாவும் வெற்று மாத்திரையைவிட ஓரளவு மேலானவை என்றே கண்டது. உங்கள் வீட்டில் எவரேனும் இம்மாத்திரையை உண்டு வந்தால், இக்கட்டுரையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் வரக்கூடும். கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் பொறுப்பு. மாத்திரைக்குப் பதில் பழம் போதும் என்று எண்ண வைப்பதுதான் அந்த அட்டை செய்யக்கூடிய பெரிய தீங்கு. மனச்சோர்வில் உயிரை மாய்த்துக்கொள்பவர்கள் உண்டு என்பதை நினைவில் வையுங்கள்.

பழத்தால் தீங்கில்லையே என்பீர்கள். பழத்தோடு நின்றால் சரி. அந்த ‘எனவே’ புட்டிகளிலும் அடைத்து விற்கப்பட்டது. தூக்கத்துக்கும் மனத்துக்கும் நல்லதென்று அமெரிக்காவில் டிரிப்டோபேன் மாத்திரைகளை மருத்துவச் சீட்டு இல்லாமலே வாங்கி உண்டார்கள். 1989-இல் அவர்களிடையே கடும் தசைவலியோடு ஒரு புது நோய் பரவியது. 1,500-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலான நோயாளிகள் உண்டது ஒரே ஆலையில் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்த சரக்கு என்று தெரிந்தது. இன்று 5-ஹைட்ராக்சி டிரிப்டோபேன் மாத்திரைகளும் விற்பனையில் இருக்கின்றன. இது மூளைக்குள் நுழையக்கூடியது. மனச்சோர்வு மருந்து உண்பவர் தாமாகவே இதையும் சேர்த்து விழுங்கினால் செரட்டோனின் மிகைப்பட்டு நடுக்கம், காய்ச்சல், நினைவுக் குழப்பம் வரை போகக்கூடும்.

வாழைப்பழத்தின் செரட்டோனினை மருத்துவம் உண்மையிலேயே பொருட்படுத்தும் இடம் ஒன்று இருக்கிறது. செரட்டோனின் உடலில் சிதைந்தால் 5-ஹைட்ராக்சி இண்டோல் அசெட்டிக் அமிலமாகிச் சிறுநீரில் வெளியேறும். நலமாக இருப்பவருக்கு ஒரு நாளில் இது சுமார் 2 முதல் 8 மில்லிகிராம். குடலில் தோன்றும் கார்சினாய்டு என்ற கட்டி செரட்டோனினை ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கும். வழக்கமாக நாம் உண்ணும் டிரிப்டோபேனில் நூற்றுக்கு ஒரு பங்குதான் செரட்டோனின் ஆகும். இக்கட்டி உள்ளவர்களிடம் அது அறுபது பங்கு வரை போகலாம். டிரிப்டோபேனிலிருந்து உடல் தயாரிக்க வேண்டிய நியாசின் பற்றாமல் சிலருக்குப் பெல்லாக்ரா என்னும் தோல்நோயும் வந்துவிடும். இவ்வளவு செரட்டோனின் உடலில் பெருகியும் அவர்களுக்கு வருவது முகச் சிவப்பும் வயிற்றுப்போக்கும்தான். இக்கட்டியைக் கண்டறிய ஒரு நாள் முழுவதும் சிறுநீரைச் சேர்த்து அந்த அமிலத்தை அளக்கிறார்கள். அதற்கு முந்திய மூன்று நாட்களுக்கு வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, அக்ரூட் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்புவார்கள். மறந்து நாலு பழம் தின்றுவிட்டு வந்தால், கட்டி இல்லாதவருக்கும் கட்டி இருப்பதுபோல் கணக்குக் காட்டிவிடும்.

அந்த மாணவியிடம் அட்டையைக் கிழிக்க வேண்டாம் என்றேன். பழத்தின் படம் அப்படியே இருக்கட்டும், முதல் வரியில் ‘மகிழ்ச்சிப்’ என்ற சொல்லையும் இரண்டாம் வரியையும் அழித்துவிட்டு, இந்தச் சிறுநீர்ச் சோதனைச் செய்தியை எழுதச் சொன்னேன். “சிறுநீர்னு எழுதினா எல்லாரும் சிரிப்பாங்களே, சார்” என்றாள். சிரிக்கட்டும் என்றேன். மறுநாள் போய்ப் பார்த்தபோது எழுதியிருந்தாள். வாழைப்பழச் சீப்புக்குப் பக்கத்தில் ஒரு குளவியையும் வரைந்து வைத்திருந்தாள்.